வைர நகைகளை வீட்டில் பராமரித்தல்

வைர நகைப் பராமரிப்பு என்பது வைரம் பதித்த தோடு, மூக்குத்தி, மோதிரம், பதக்கம், வளையல் முதலிய அணிகலன்களைத் தூய்மைப்படுத்துதல், அவற்றின் கற்கள் உறுதியாக உள்ளனவா எனச் சரிபார்த்தல், பாதுகாப்பாக வைத்தல் ஆகியவற்றைக் குறிக்கும். இயற்கைப் பொருட்களுள் மிகக் கடினமானது வைரம். ஆனால் அதைத் தாங்கி நிற்கும் தங்கம் மென்மையான உலோகம். எனவே வைர நகையைப் பராமரிப்பதில் கல்லுக்குக் காட்டும் கவனத்தைவிடக் கல்லைப் பிடித்திருக்கும் உலோக அமைப்புக்குக் காட்டும் கவனமே முதன்மையானது. வீடுகளில் வைரம் தொலைவது பெரும்பாலும் கல் உடைவதால் அன்று. பிடிப்புத் தளர்ந்து கல் கழன்று விழுவதால்தான்.

தமிழ்நாட்டில் ஏழு கல் வைரத் தோடு, எட்டுக்கல் பேசரி, ஒற்றைக்கல் மூக்குத்தி போன்றவை தாயிடமிருந்து மகளுக்கு எனத் தலைமுறைகளாகக் கைமாறி வருகின்றன. இவற்றுள் பல இன்றைய கடை நகைகளிலிருந்து அமைப்பில் வேறுபட்டவை. ஒரு வகை நகைக்குப் பொருந்தும் தூய்மை முறை மற்றொன்றுக்குத் தீங்காகலாம்.

வைரத்தின் இயல்புகள்

வைரம் தூய கரிமத்தின் படிக வடிவம் ஆகும். பராமரிப்புக்குத் தொடர்புடைய அதன் இயல்புகள் நான்கு.

கடினத்தன்மை: மோஸ் கடினத்தன்மை அளவுகோலில் வைரத்தின் இடம் 10. அடுத்து வரும் மாணிக்கமும் நீலமும் 9. தங்கம் 2.5 முதல் 3 வரை மட்டுமே. ஆகவே வைரத்தில் கீறல் விழச் செய்யக்கூடியது மற்றொரு வைரமே எனலாம். தங்கத்தையோ தூசியில் கலந்துள்ள மணல் துகளே கீறிவிடும்.

பிளவுறும் தன்மை: கடினமாக இருப்பதும் உடையாமல் இருப்பதும் வெவ்வேறு இயல்புகள். வைரப் படிகம் நான்கு திசைகளில் எளிதில் பிளக்கக்கூடியது. பழங்காலத்தில் வைரம் வெட்டுவோர் கல்லை இரண்டாக்க இந்த இயல்பையே பயன்படுத்தினர். அணிந்திருக்கும் மோதிரத்தின் கல்லில், குறிப்பாக அதன் மெல்லிய விளிம்பில், கல் தொட்டியோ கதவு நிலையோ பலமாக மோதினால் சில்லுப் பெயரலாம்.

எண்ணெயை ஈர்க்கும் தன்மை: வைரத்தின் பரப்பில் நீர் எளிதில் ஒட்டுவதில்லை, எண்ணெயும் கொழுப்பும் எளிதில் ஒட்டும். 1890களின் பிற்பகுதியில் தென்னாப்பிரிக்காவின் கிம்பர்லி சுரங்கங்களில் இந்த இயல்பைக் கொண்டே வைரத்தைப் பிரித்தெடுக்கத் தொடங்கினர். கொழுப்புப் பூசிய சாய்ந்த மேசையின்மீது நீருடன் சரளைக் கற்கள் ஓடவிடப்பட்டன. நீரில் நனைந்த மற்றக் கற்கள் வழுக்கிச் சென்றன. வைரங்கள் கொழுப்பில் ஒட்டி நின்றன. வீட்டில் வைரத் தோடு சில நாட்களிலேயே மங்கித் தோன்றுவதற்குக் காரணமும் இதே இயல்புதான்.

வெப்பத்தில் எரியும் தன்மை: வைரம் கரிமமாதலால் ஆக்சிசன் உள்ள சூழலில் மிக உயர்ந்த வெப்பத்தில் எரியும். பிரெஞ்சு வேதியியலாளர் லவாய்சியே 1772-ல் பெரிய ஆடியால் சூரிய ஒளியைக் குவித்து வைரத்தை எரித்துக் காட்டினார். 1797-ல் இங்கிலாந்தின் சிமித்சன் டெனன்ட், வைரம் கரிமமே என்று நிறுவினார். சமையலறை வெந்நீரால் வைரத்துக்குத் தீங்கில்லை. ஆனால் நேரடித் தீயில் காட்டினால் அதன் பரப்பு பால் போல வெளுத்துவிடக்கூடும்.

ஆய்வகத்தில் வளர்க்கப்படும் வைரங்களும் இதே படிக அமைப்பு உடையவை. எனவே அவற்றுக்கும் இக்கட்டுரையில் கூறப்படும் முறைகளே பொருந்தும்.

ஒளி மங்குவதன் காரணம்

பட்டை தீட்டிய வைரத்தின் மேல்முகத்தில் நுழையும் ஒளி, அடிப்பகுதியின் சாய்ந்த முகங்களில் பட்டுத் திரும்பி, மீண்டும் மேல்முகம் வழியே கண்ணை அடைகிறது. இதற்கு முழு அக எதிரொளிப்பு என்று பெயர். வைரத்தின் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 2.42. இவ்வளவு உயர்ந்த எண் காரணமாக, வைரத்துக்கும் காற்றுக்கும் இடையிலான மாறுநிலைக் கோணம் சுமார் 24.4 பாகை மட்டுமே. அதாவது அடிமுகத்தின் செங்குத்துக் கோட்டுடன் 24.4 பாகைக்கு மேற்பட்ட கோணத்தில் வரும் ஒளி முழுவதும் உள்ளேயே திருப்பப்படுகிறது.

அடிமுகத்தில் எண்ணெய்ப் படலம் படிந்தால் இந்தக் கணக்கு மாறிவிடும். வைரத்துக்கு அடுத்து இருப்பது இப்போது காற்று அன்று, எண்ணெய். தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய் போன்றவற்றின் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 1.45 முதல் 1.47 வரை இருப்பதால், மாறுநிலைக் கோணம் 37 பாகை அளவுக்கு உயர்கிறது. முன்பு திரும்பி வந்த ஒளியின் ஒரு பகுதி இப்போது எண்ணெய்ப் படலத்துக்குள் சென்று, அதில் கலந்துள்ள தூசியில் வீணாகிறது. கல் சாம்பல் பூத்தது போலவோ மஞ்சளேறியது போலவோ தோன்றும்.

இதிலிருந்து ஓர் உண்மை விளங்கும். வைரத்தின் மேல்முகத்தைத் துணியால் எவ்வளவு துடைத்தாலும் இழந்த ஒளி முழுவதும் மீளாது. தூய்மை செய்ய வேண்டிய இடம் கல்லின் பின்புறம்.

காதணிகளில் தலைக்குத் தேய்க்கும் எண்ணெய், சீயக்காய்த் தூள், முகப் பவுடர் ஆகியவையும், மூக்குத்தியில் மஞ்சளும் முகப் பூச்சும், மோதிரத்தில் மாவு, சோப்பு, கைப் பூச்சு ஆகியவையும் படிகின்றன. வெறும் சோப்புக்கட்டியால் கை கழுவினாலும் கடின நீரில் உருவாகும் சோப்புக் கசடு கல்லின் அடியில் தங்கும்.

நகையின் அமைப்பு

வீட்டில் தூய்மைப்படுத்தத் தொடங்கும் முன் நகை எவ்வகையில் கட்டப்பட்டுள்ளது என்பதை அறிய வேண்டும். நகையைத் திருப்பிப் பின்புறத்தைப் பார்த்தாலே இது தெரியும்.

திறந்த அமைப்பு: கடைகளில் இது ஓப்பன் செட்டிங் எனப்படும். கல்லின் பின்புறம் மூடப்படாமல், ஒளி புகும்படி விடப்பட்டிருக்கும். கல்லைச் சிறு உலோகக் கவ்விகளோ சுற்று விளிம்போ பிடித்திருக்கும். இதன் பின்புறத்தில் அழுக்குச் சேர்வதும் எளிது. கழுவி எடுப்பதும் எளிது.

மூடிய அமைப்பு: இது குளோஸ் செட்டிங் எனப்படும். கல்லின் பின்புறம் தங்கத்தால் மூடப்பட்டிருக்கும். பழைய தோடுகளிலும் மூக்குத்திகளிலும் இவ்வகை மிகுதி. பின்புறத்தில் எண்ணெய் ஏறாமல் மூடி காப்பதால் கல் நெடுநாள் ஒளியுடன் இருக்கும். ஆனால் மூடியின் ஓரத்தில் நுண்ணிய இடைவெளி உண்டானால் உள்ளே சென்ற நீரும் எண்ணெயும் வெளியேற வழியில்லை. சில பழைய நகைகளில் கல்லின் அடியில் மெல்லிய பளபளப்பான தகடு வைத்து ஒளியைக் கூட்டியிருப்பார்கள். நீர் பட்டால் அத்தகடு கறுத்துவிடும்.

அரக்கு அமைப்பு: வட இந்தியக் குந்தன் நகைகளில் அரக்கு நிரப்பி, கல்லின் அடியில் தகடு வைத்து, சுற்றிலும் தூய தங்க இழையை அழுத்திக் கல்லைப் பதிக்கிறார்கள். பட்டை தீட்டாத வைரங்கள் பதித்த போல்கி நகைகள் பெரும்பாலும் இம்முறையில் செய்யப்படுகின்றன. அரக்கு வெப்பத்தில் இளகும் என்பதால் வெந்நீர் இவற்றுக்கு ஆகாது.

தூய்மைப்படுத்தும் முன் சரிபார்த்தல்

அழுக்குப் படிந்த நகையில், தளர்ந்த கல்லை அந்த அழுக்கே ஒட்டிப் பிடித்திருப்பதுண்டு. கழுவியவுடன் அப்பிடிப்பும் போய்க் கல் விழுந்துவிடும். ஐந்து சென்ட் எடையுள்ள வட்ட வைரத்தின் குறுக்களவு ஏறத்தாழ 2.4 மில்லிமீட்டர், கடுகைவிடச் சற்றே பெரியது. அது கழுவுதொட்டித் துளையில் சென்றால் மீட்பது கடினம். ஆகவே நீரில் இடும் முன் பின்வரும் சோதனைகளைச் செய்வது நல்லது.

1. நல்ல வெளிச்சத்தில், வெள்ளைத் துணி விரித்த தட்டின்மேல் நகையை வைத்துப் பார்க்க வேண்டும். பத்து மடங்கு பெரிதாக்கும் கண்ணாடி இருந்தால் சிறப்பு. இல்லாவிடில் கைப்பேசிப் படக்கருவியில் அண்மைப் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்க்கலாம்.

2. ஒவ்வொரு கல்லுக்கும் உரிய கவ்விகள் எல்லாம் இருக்கின்றனவா, ஏதேனும் நிமிர்ந்தோ தேய்ந்தோ உள்ளதா எனக் காண வேண்டும்.

3. நகையைக் காதருகே பிடித்து விரலால் மெல்லத் தட்ட வேண்டும். கலகலவென்ற நுண்ணிய ஒலி கேட்டால் ஏதோ ஒரு கல் ஆடுகிறது என்று பொருள்.

4. மோதிரமோ வளையலோ அண்மைக் காலத்தில் சேலை நூலையோ தலைமுடியையோ அடிக்கடி பற்றியிழுத்ததா என நினைவுகூர வேண்டும். அது கவ்வி நிமிர்ந்ததற்கான முதல் அறிகுறி.

5. தோடு, மூக்குத்தி ஆகியவற்றின் திருகாணியும் அது பொருந்தும் சுரையும் மரை தேயாமல் இறுகுகின்றனவா எனப் பார்க்க வேண்டும். கல் உறுதியாக இருந்தும் மரை தேய்ந்ததால் தோடே விழுந்துவிடுவதுண்டு.

கல் ஆடுவது தெரிந்தால் கழுவக் கூடாது. நகையைச் சிறு பெட்டியிலிட்டுப் பொற்கொல்லரிடம் கொண்டு செல்ல வேண்டும்.

திறந்த அமைப்பு நகைகளைக் கழுவும் முறை

தேவையானவை: இரண்டு கிண்ணங்கள், கை பொறுக்கும் சூடுள்ள நீர், பாத்திரம் கழுவும் மென்மையான திரவச் சோப்பு, குழந்தைகளுக்கான மென்மையான பல்துலக்கி, நூல் பிரியாத பருத்தித் துணி. பல்துலக்கி புதியதாகவும் நகைக்கென்றே ஒதுக்கப்பட்டதாகவும் இருக்க வேண்டும். பல் துலக்கியதில் பற்பசைத் துகள்கள் தங்கியிருக்கும். கழுவுதொட்டியில் நேரடியாகக் கழுவாமல், மேசைமேல் கிண்ணத்தில் கழுவுவதே பாதுகாப்பு.

1. ஒரு கிண்ணத்தில் ஒரு தம்ளர் வெதுவெதுப்பான நீர் விட்டு, மூன்று நான்கு துளி திரவச் சோப்பைக் கலக்க வேண்டும்.

2. நகையை 20 முதல் 30 நிமிடம் ஊறவைக்க வேண்டும். ஒன்றோடொன்று உரசாதபடி ஒரு வேளைக்கு ஒரு நகையோ ஓர் இணையோ மட்டும் இடுவது நல்லது.

3. நகையை நீரிலிருந்து எடுத்து, முதலில் பின்புறத்தைப் பல்துலக்கியின் நுனியால் மெல்லத் தேய்க்க வேண்டும். கவ்விகளின் குறுக்கே இழுக்காமல், துளைகளுக்குள் நுனி செல்லும்படி சிறு வட்டங்களாகத் தேய்ப்பது முறை. பிறகு முன்புறம், கடைசியில் சுரையும் திருகாணியும்.

4. இறுகிய அழுக்கை ஊசியால் குத்தி எடுக்கக் கூடாது. மீண்டும் ஊறவைத்துத் தேய்த்தால் இளகிவிடும்.

5. இரண்டாவது கிண்ணத்தில் உள்ள நல்ல நீரில் அலசி, நீரை மாற்றி மறுமுறையும் அலச வேண்டும். சோப்பு எஞ்சினால் அதுவே புதிய படலமாகிவிடும். வீட்டு நீர் உப்பு மிக்கதாயின் கடைசி அலசலுக்கு வடிகட்டிய குடிநீர் ஏற்றது. இல்லையேல் உலர்ந்தபின் வெண்புள்ளிகள் தோன்றும்.

6. துணியால் ஒற்றி எடுத்து, காற்றாடும் இடத்தில் துணிமேல் கவிழ்த்து வைத்து முழுவதும் உலரவிட வேண்டும். தலைமுடி உலர்த்தியின் சூடான காற்று தேவையில்லை.

7. இரு கிண்ணங்களின் நீரையும் மெல்லிய துணியில் வடிகட்டிய பிறகே கொட்ட வேண்டும். கற்களை மறுபடி எண்ணிச் சரிபார்க்க வேண்டும்.

தூய்மையான கல்லின் முகத்தை விரலால் தொட்டால் தோல் எண்ணெய் உடனே படியும். ஆகவே நகையை ஓரங்களில் பிடித்து எடுப்பது வழக்கமாக வேண்டும்.

மூடிய அமைப்பு நகைகள்

மூடிய அமைப்புள்ள நகையின் உள்ளே தகடு உள்ளதா, மூடியின் ஓரம் முழுவதும் இறுகியுள்ளதா என்பதை வீட்டில் உறுதிசெய்ய இயலாது. ஆதலால் அவற்றை ஊறவைக்காமல் இருப்பதே பாதுகாப்பு. சோப்பு நீரில் நனைத்து நன்றாகப் பிழிந்த துணியால் முன்புறத்தைத் துடைத்து, வெறும் நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் மீண்டும் துடைத்து, உடனே உலர்ந்த துணியால் ஒற்ற வேண்டும். திருகாணியைத் தனியே கழற்றிக் கழுவிக்கொள்ளலாம்.

ஏழு கல் தோட்டில் ஒரு கல் மட்டும் மற்ற ஆறிலிருந்து வேறுபட்டு மங்கித் தெரிந்தால், அக்கல்லின் பின்னால் நீரோ எண்ணெயோ புகுந்திருக்க வாய்ப்புண்டு. வெளியிலிருந்து எவ்வளவு துடைத்தாலும் அது தெளியாது. பழைய தோடு கட்டத் தெரிந்த பொற்கொல்லர் மூடியைப் பிரித்து, கல்லைத் தூய்மை செய்து, மீண்டும் பதித்துத் தருவார்.

மரபுவழிப் பொருட்கள்

பூந்திக்கொட்டை தமிழ்நாட்டில் பொற்கொல்லர்களும் குடும்பங்களும் நகை கழுவ நெடுங்காலமாகப் பயன்படுத்தி வரும் பொருள். அதன் தோலில் உள்ள சப்போனின் என்னும் வேதிப்பொருள் நீரில் நுரைத்து எண்ணெயை நீக்குகிறது. நான்கைந்து கொட்டைகளின் தோலை வெந்நீரில் ஊறவைத்து, ஆறியபின் துணியில் இருமுறை வடிகட்டிய தெளிந்த நீரைத் திறந்த அமைப்பு நகைகளுக்குத் திரவச் சோப்புக்கு மாற்றாகக் கொள்ளலாம். வடிகட்டாத கரைசலில் தோல் துகள்கள் கல்லின் அடியில் சிக்கிக்கொள்ளும். இந்நீர் கண்ணில் பட்டால் கடுமையாக எரியும்.

சீயக்காய்த் தூள் எண்ணெயை நீக்கும் எனினும் அதன் நார்த் துகள்கள் சிறு துளைகளில் அடைந்துவிடும். திருநீறு, சாம்பல், செங்கற்பொடி ஆகியவை தேய்த்து மெருகேற்றும் பொருட்கள். பித்தளைப் பாத்திரத்துக்கு ஏற்ற இவை தங்கத்தில் நுண்கீறல்களை உண்டாக்கும்.

தவிர்க்க வேண்டியவை

பற்பசை: வைரத்தைப் பற்பசையால் துலக்கினால் பளிச்சென்றாகும் என்ற கருத்து பரவலாக உள்ளது. பற்பசையில் சிலிக்கா, கால்சியம் கார்பனேட் போன்ற தேய்ப்புப் பொருட்கள் உண்டு. இவை வைரத்தைக் கீறமாட்டா. ஆனால் தங்கத்தைத் தேய்க்கும். ஒவ்வொரு முறையும் தேய்மானம் கண்ணுக்குத் தெரியாத அளவே. எனினும் கல்லைப் பிடித்திருக்கும் கவ்வியின் நுனி மிக மெல்லியது. பல ஆண்டுகளில் அதுவே கல் விழக் காரணமாகலாம். சமையல் சோடாவையும் பாத்திரம் துலக்கும் தூளையும் தேய்ப்பதற்கும் இது பொருந்தும்.

குளோரின்: சலவைக்குப் பயன்படும் வெளுப்பான்களிலும் நீச்சல் குள நீரிலும் குளோரின் உள்ளது. இது நகைத் தங்கத்தில் கலந்துள்ள செம்பு, வெள்ளி, நிக்கல் போன்ற உலோகங்களைத் தாக்கிப் பற்றுவைத்த இடங்களையும் கவ்விகளையும் வலுவிழக்கச் செய்யும். வைர நகைகளுள் பல 18 காரட்டில் (750 முத்திரை) செய்யப்படுகின்றன. 22 காரட்டைவிட (916 முத்திரை) இதில் பிற உலோகங்களின் பங்கு கூடுதல்.

அம்மோனியா: தொழில்முறைத் தூய்மையில் நீர்த்த அம்மோனியா பயன்படுத்தப்படுவதுண்டு. வீட்டுக்கு அது தேவையில்லை. குறிப்பாக அம்மோனியாவையும் வெளுப்பானையும் ஒருபோதும் கலக்கக் கூடாது. உயிருக்கே ஆபத்தான நச்சு வாயு உண்டாகும்.

மீயொலித் தூய்மைக் கருவி: இது நீரில் நுண் அதிர்வுகளை உண்டாக்கி அழுக்கைப் பிரிக்கும் கருவி. கடைகளில் கற்களைச் சரிபார்த்த பின்னரே இதைப் பயன்படுத்துகின்றனர். வீட்டுக்கான சிறு கருவிகள் சந்தையில் கிடைத்தாலும், தளர்ந்த கற்களை அவை உதிர்த்துவிடும். உள்விரிசல்களைக் கண்ணாடிப் பொருளால் நிரப்பிய வைரங்களுக்கும், மூடிய அமைப்பு, அரக்கு அமைப்பு நகைகளுக்கும் இக்கருவி ஏற்றதன்று.

கொதிநீரும் தீயும்: நகையைக் கொதிக்கவைப்பதும், உடனே குளிர்நீரில் போடுவதும் தவிர்க்கத்தக்கவை. நகையைத் தீயில் காட்டும் வேலை பொற்கொல்லருக்கு உரியது. அவரும் பற்றுவைக்கும்போது போரிக் அமிலப் பூச்சு இட்டே கல்லைக் காக்கிறார்.

வைரத்துடன் வேறு கற்கள் உள்ள நகைகள்

ஒரே நகையில் வைரத்துடன் வேறு கற்களும் இருந்தால், அவற்றுள் மிக மென்மையான கல்லுக்கு ஏற்ற முறையையே முழு நகைக்கும் கைக்கொள்ள வேண்டும்.

மரகதம்: பெரும்பாலான மரகதங்களின் விரிசல்கள் எண்ணெய் ஊட்டி மறைக்கப்பட்டவை. சோப்பு நீரில் ஊறினால் அந்த எண்ணெய் வெளியேறி விரிசல்கள் தெரியத் தொடங்கும். ஈரத் துணியால் துடைப்பதே போதும்.

முத்து, பவளம்: இரண்டும் கால்சியம் கார்பனேட்டால் ஆனவை, மென்மையானவை. எலுமிச்சை, புளி, வினிகர் போன்ற புளிப்புப் பொருட்கள் இவற்றை அரிக்கும். கோத்த முத்துகளை நீரில் நனைத்தால் நூலும் நைந்துபோகும்.

மாணிக்கம், நீலம்: இயல்பில் உறுதியானவை. ஆனால் கண்ணாடி நிரப்பிய மாணிக்கங்கள் சந்தையில் மிகுதி; அவற்றைப் புளிப்புப் பொருட்களும் வெப்பமும் கெடுக்கும்.

ஓபல்: நீரை உள்ளடக்கிய கல். வெப்பத்தாலும் மிகுந்த வறட்சியாலும் வெடிப்பு விழலாம்.

அன்றாடப் பழக்கங்கள்

எண்ணெய், பவுடர், வாசனைத் திரவியம், முகப் பூச்சு ஆகியவற்றைப் பூசி முடித்த பிறகு கடைசியாக நகை அணிவதும், வீடு திரும்பியதும் முதலில் நகையைக் கழற்றுவதும் எளிய நல்ல பழக்கங்கள். எண்ணெய்க் குளியல் நாளில் தோட்டைக் கழற்றி வைத்தால் பாதி அழுக்கைத் தவிர்க்கலாம். மாவு பிசைதல், பாத்திரம் துலக்கல், தோட்ட வேலை, உடற்பயிற்சி ஆகியவற்றின்போது மோதிரத்தை அணியாமல் இருப்பது நல்லது. கழற்றிய மோதிரத்தைக் கழுவுதொட்டியின் விளிம்பில் வைக்காமல், அதற்கென ஒரு கிண்ணம் வைத்துக்கொள்ள வேண்டும்.

மூக்குத்தியை நாள்தோறும் கழற்றுவது வழக்கமில்லை. முகம் கழுவும்போது மஞ்சளும் சோப்பும் தங்காமல் அலசுவதும், இயலும்போது கழற்றிக் கழுவுவதும் போதுமானவை. திருகாணி இறுகிவிட்டால் குறடால் திருகக் கூடாது; மரை கெடுவதோடு மூக்கிலும் புண் உண்டாகும்.

நாள்தோறும் அணியும் திறந்த அமைப்பு நகைகளை மாதத்துக்கு ஓரிரு முறை கழுவுவது போதும். விழாக்களில் மட்டும் அணிபவற்றை அணிந்து கழற்றியதும் துடைத்து, பெட்டியில் வைக்கும் முன் ஒருமுறை கழுவி உலர்த்தலாம்.

பாதுகாத்து வைத்தல்

வைரம் மற்றொரு வைரத்தையும் கீறும். அருகிலுள்ள மாணிக்கம், மரகதம், தங்கம் எல்லாவற்றையும் கீறும். பல நகைகளை ஒரே பெட்டியில் குவித்து வைப்பதால் உண்டாகும் சேதம் அணிவதால் உண்டாகும் சேதத்தைவிடக் கூடுதலாக இருப்பதுண்டு. ஒவ்வொன்றையும் தனித்தனி மென்துணிப் பையிலோ, அறைகள் பிரித்த பெட்டியிலோ வைக்க வேண்டும். நகைக்கடைகளில் தரப்படும் இளஞ்சிவப்புத் தாளில் சுற்றி வைப்பதும் பயனுள்ளதே. தோட்டின் திருகாணியைச் சுரையிலேயே முடுக்கி வைத்தால் தொலையாது.

வங்கிப் பெட்டகத்தில் வைக்கும் முன் நகை முழுவதும் உலர்ந்திருக்க வேண்டும். ஈரம் வைரத்தைக் கெடுக்காது. ஆனால் மூடிய அமைப்பின் தகட்டையும் வெள்ளிப் பகுதிகளையும் கறுக்கச் செய்யும். ரப்பர் வளையங்களில் கந்தகம் இருப்பதால் அவற்றால் நகைகளைக் கட்டக் கூடாது.

ஒவ்வொரு நகையின் முன்புறம், பின்புறம் இரண்டையும் தெளிவாகப் படமெடுத்து, கற்களின் எண்ணிக்கை, நகையின் மொத்த எடை, வாங்கிய சீட்டு, தரச் சான்றிதழ் ஆகியவற்றுடன் சேர்த்து வைப்பது பராமரிப்பின் ஒரு பகுதியே. இந்தியாவில் 2023 ஏப்ரல் 1 முதல் கடைகளில் விற்கப்படும் முத்திரைத் தங்க நகைகளில் ஆறு எழுத்து, எண்கள் கொண்ட தனி அடையாளக் குறியீடு இடம்பெற வேண்டும். இக்குறியீட்டையும் குறித்து வைக்கலாம்.

பொற்கொல்லரிடம் கொண்டு செல்லுதல்

நாள்தோறும் அணியும் நகையை ஆண்டுக்கு ஒருமுறையேனும் தேர்ந்த பொற்கொல்லரிடமோ கடையிலோ காட்டிக் கவ்விகளைச் சரிபார்ப்பது நல்லது. வெள்ளைத் தங்க நகைகளின் மேலுள்ள ரோடியம் பூச்சு தேய்ந்து மஞ்சள் நிறம் தெரிந்தால், மறுபூச்சு இடுவதும் அங்கேதான்.

கொடுக்கும் முன் நகையை எடை போட்டு, கற்களை எண்ணி, பெற்றுக்கொள்பவரிடம் எழுத்தில் சீட்டு வாங்க வேண்டும். ஒரு காரட் என்பது 200 மில்லிகிராம்; 100 சென்ட் சேர்ந்தது ஒரு காரட். பெரிய கற்கள் சிலவற்றின் விளிம்பில் சான்றிதழ் எண் லேசர் ஒளியால் நுண்ணியதாகப் பொறிக்கப்பட்டிருக்கும். உருப்பெருக்கிக் கண்ணாடியில் அதைப் பார்த்து ஒப்பிடலாம். பொறிப்பு இல்லாத பழைய கற்களுக்கு, உள்ளே காணப்படும் இயற்கைப் புள்ளிகளின் இடமே அடையாளம். கல்லின் அண்மைப் படம் இதற்கு உதவும்.

பழைய வைரங்களை மதிப்பிடவோ மாற்றவோ கொண்டு செல்லும் முன் தூய்மை செய்வது மிக இன்றியமையாதது. தமிழ்நாட்டுக் குடும்பங்களில் பழைய தோடுகளைப் பற்றிப் பேசும்போது 'புளூ ஜாகர்' என்ற சொல் வழங்குவதுண்டு. தென்னாப்பிரிக்காவின் ஜாகர்ஸ்ஃபான்டைன் சுரங்கத்தில் கிடைத்த நீல வெண்மைக் கற்களின் பெயரிலிருந்து வந்தது இச்சொல். அத்தகைய கல்லே ஆயினும் அடியில் எண்ணெய்க் கசடு இருந்தால் மஞ்சளாகத் தோன்றும். அழுக்கோடு நிறத்தை மதிப்பிட்டால் உரியவருக்கு இழப்பு நேரும். மதிப்பிடுபவரிடம் முதலில் கல்லைத் தூய்மை செய்யுமாறு கேட்பது வாடிக்கையாளரின் உரிமை.

தவறான கருத்துகள்

வைரம் உடையாது என்பது மிகப் பழைய கருத்து. பட்டடையில் வைத்துச் சுத்தியலால் அடித்தாலும் வைரம் தாங்கும் என்று கி.பி. முதலாம் நூற்றாண்டின் ரோம எழுத்தாளர் பிளினி எழுதியுள்ளார். உண்மையில் அத்தகைய அடியில் வைரம் நொறுங்கிவிடும். கல் உண்மையானதா என அறிய வீட்டில் இடித்தோ தீயில் காட்டியோ சோதிக்கக் கூடாது.

பழைய வைரத்தின் ஒளி வயதாக ஆகக் குறையும் என்பதும் தவறு. அன்றாடச் சூழலில் வைரம் தன் ஒளியை இழப்பதில்லை. மங்கியதாகத் தோன்றும் பழைய கல்லில் இருப்பது பெரும்பாலும் அழுக்கு, அல்லது முகங்களின் ஓரங்களில் ஏற்பட்ட தேய்வு. பின்னதை மறுமெருகினால் சீராக்கலாம். ஆனால் கல்லின் எடை சற்றுக் குறையும்.

நன்றாகக் கழுவினால் எல்லாப் புள்ளிகளும் மறையும் என்று எதிர்பார்ப்பதும் பொருந்தாது. படிகம் உருவானபோதே உள்ளே அமைந்த கரும்புள்ளிகளும் கோடுகளும் கழுவுவதால் நீங்கா. சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதை மதுரை மணிக்கடை வீதியை வருணிக்கும் இடத்தில் வைரத்தின் குற்றங்களையும் பெயரிட்டுக் கூறுகிறது. அழுக்கா, உட்குற்றமா என்று வேறுபடுத்த ஓர் எளிய வழி உண்டு. முறையாக இருமுறை கழுவிய பின்னும் அதே இடத்தில், அதே வடிவில் இருக்கும் புள்ளி கல்லினுடையது. அதை நீக்க மேலும் தேய்ப்பதால் தேய்வது தங்கம் மட்டுமே.